ஒரு தட்டுக் களியின் கணக்கு: தென்னாப்பிரிக்க டவுன்ஷிப் உணவகங்கள் கற்பிக்கும் பாடம்

நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோருமாகிய நம் சங்க அங்கத்தினர்களுக்கு, கடல் கடந்த தென்னாப்பிரிக்காவில் நடக்கும் சிற்றுணவகங்களைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்னும் கேள்வி எழலாம். தறியில் நூல் கழிவாவதும், வயலில் விளைந்தது விலை போகாமல் அழுகுவதும், அடுப்பில் சமைத்தது மீந்து போவதும் கணக்கேட்டில் ஒரே பக்கத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆயினும் உணவகத்தில் இழப்பு அன்றன்றைக்கே தெரிந்துவிடுகிறது. விற்காத துணி ஓராண்டு அலமாரியில் இருக்கும். விற்காத குழம்பு மறுநாள் வரை இராது. ஆகவே சிறு தொழிலின் வரவு செலவைக் கற்பதற்கு உணவகம் ஒரு நல்ல பள்ளிக்கூடம்.

இரண்டாவது காரணமும் உண்டு. அந்நாட்டின் கறுப்பின மக்கள் வாழ்ந்த நகர்ப்பகுதிகளில், பலர் கூடி முதல் போட்டுத் தொழில் செய்வதையே அரசாங்க விதிகள் தடுத்திருந்தன. அத்தடையின் கீழ்ப் பிறந்த உணவகங்கள் எங்ஙனம் நடந்தன, இன்று எவ்வாறு நடக்கின்றன, எங்கே தவறிப் போகின்றன என்பவற்றை இப்பாடத்தில் முறையே காண்போம்.

1. டவுன்ஷிப் என்பது யாது?

நகரத்தில் வேலைக்குக் கறுப்பின மக்கள் வேண்டும். ஆனால் அவர்கள் வெள்ளையர் நடுவே குடியிருக்கக் கூடாது. இவ்வெண்ணத்தில் பிறந்தவையே டவுன்ஷிப் எனப்படும் குடியிருப்புகள். 1923-ஆம் ஆண்டின் நகர்ப்பகுதிச் சட்டம் இப்பிரிவினைக்கு வழி செய்தது. 1950-ஆம் ஆண்டின் இனக்குழுப் பகுதிகள் சட்டம், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று வரையறுத்தது. ஜோகன்னஸ்பர்க்கின் தென்மேற்கே இருந்த பல குடியிருப்புகளுக்குச் சேர்த்து 1963-இல் சோவெட்டோ என்று பெயரிட்டனர். தென்மேற்கு டவுன்ஷிப்புகள் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினருக்கென்று சாட்ஸ்வொர்த் என்னும் குடியிருப்பு 1960-களில் எழுந்தது. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே குடியேற்றப்பட்டன.

இக்குடியிருப்புகள் நகரத்தின் மையத்திலிருந்து வெகு தொலைவில் அமைந்தன. வேலைக்குச் செல்வோர் விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்பினர். நகரத்தின் நல்ல உணவகங்களில் அவர்கள் அமர்ந்து உண்ணவும் இயலாது. 1994-இல் யாவருக்கும் வாக்குரிமை வருமுன்னரே சட்டத்தின் சுவர்கள் இடிந்தன. எனினும் தொலைவும், இட நெருக்கடியும், வேலையின்மையும் இன்றும் நீங்கவில்லை.

2. சட்டம் அடைத்த கதவுகள்

டவுன்ஷிப்பில் கடை வைப்பது எளிதாக இருக்கவில்லை. 1963-ஆம் ஆண்டு வெளியான அரசாங்க விதிகளின்படி, கறுப்பின வணிகர் ஒருவர் ஒரு தொழிலுக்கு மேல் நடத்தக் கூடாது. அதுவும் அன்றாடத் தேவைப் பொருள்களை விற்கும் தொழிலாகவே இருக்க வேண்டும். இருவர் மூவர் கூடிப் பங்காளிகளாகவோ, கம்பெனியாகவோ தொழில் நடத்துதல் ஆகாது. இதில் அங்கத்தினர்கள் ஊன்றி நோக்க வேண்டியது கடைசி விதியாகும். ஏழைகள் தம் சிறு முதல்களை ஒன்று சேர்த்தால் அது பெரு முதலாகிவிடும் என்பதை விதி வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர்.

ரிச்சர்ட் மபோன்யா என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. சோவெட்டோவில் துணிக்கடை வைக்க அவர் 1950-களில் உரிமம் கேட்டார். நெல்சன் மண்டேலாவும் ஆலிவர் டாம்போவும் நடத்திய வழக்கறிஞர் அலுவலகம் அவருக்குத் துணை நின்றும், துணிக்கடைக்கு உரிமம் கிட்டவில்லை. அன்றாடப் பொருள் விற்கவே அனுமதி கிட்டியது. அவர் மனம் சோராமல், மின்சாரமும் குளிர்பெட்டியும் இல்லாத வீடுகளுக்கு மிதிவண்டிகளில் பால் அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். அடைபட்ட வழியின் அருகிலேயே மக்களின் உண்மைத் தேவை ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டார். பல்லாண்டுகளுக்குப் பின், 2007-இல், அவர் பெயரால் ஒரு பெரிய அங்காடி வளாகமே சோவெட்டோவில் திறக்கப்பட்டது.

உணவகத்தின் மற்றொரு மூலம் 'ஷெபீன்' எனப்படும் வீட்டு மதுக்கடை. ஐரோப்பிய மது வகைகளைக் கறுப்பின மக்கள் வாங்குவதற்கு 1962 வரை தடை இருந்தது. அவர்கள் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் வடித்த மரபான பீரை விற்கும் உரிமையையோ, 1908-ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டு டர்பன் நகராட்சி தன் கையில் எடுத்துக்கொண்டு, அவ்வருவாயால் தன் செலவுகளை நடத்தியது. வீட்டில் பீர் வடித்துக் குழந்தைகளைக் காப்பாற்றி வந்த பெண்களின் பானைகளைக் காவலர் கவிழ்த்தனர். 1959-இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் நகராட்சி மதுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது இதனால்தான். மறைவாக நடந்த ஷெபீன்களில் குடிக்க வந்தோர்க்குக் குடல் கறியும் களியும் பரிமாறப்பட்டன. நாளடைவில் சில வீடுகளில் உணவே முதன்மையாயிற்று. சோவெட்டோவின் டூபே பகுதியில் 1981-இல் ஷெபீனாகத் தொடங்கி, பின்னர்ப் பெயர் பெற்ற உணவகமாக வளர்ந்த 'வாண்டீஸ் பிளேஸ்' இதற்கோர் எடுத்துக்காட்டு.

3. அங்கு என்ன உண்கிறார்கள்?

முதன்மை உணவு 'பாப்' என்பது. மக்காச்சோள மாவை வெந்நீரில் கிளறிச் செய்யும் கெட்டியான களியே அது. கேழ்வரகுக் களி அறிந்த நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. அதனுடன் இறைச்சிக் குழம்போ, 'மொகோடு' என்னும் குடல் கறியோ, கீரையோ வைப்பர். வெங்காயம், தக்காளி, காரட், குடமிளகாய் முதலியவற்றைக் காரமாக வதக்கிச் செய்யும் 'சக்கலக்கா' தொட்டுக்கொள்ள உதவும். உடைத்த மக்காச்சோளத்தையும் பயற்றையும் நெடுநேரம் வேகவைத்த 'உம்ங்குஷோ' மற்றோர் உணவு. விடியற்காலையில் வேலைக்கு ஓடுவோர் வாங்கிச் செல்வது 'அமக்வின்யா'; புளிக்க வைத்த மாவை எண்ணெயில் பொரித்த உருண்டை அது.

இளைஞர் விரும்புவது 'கோட்டா'. ரொட்டியில் கால் பங்கை வெட்டி, நடுவைக் குடைந்து, அதற்குள் பொரித்த உருளைக்கிழங்கு, 'பொலோனி' என்னும் பதனிட்ட இறைச்சித் துண்டு, 'அச்சார்' ஆகியவற்றை அடைத்துத் தருவர். கால் பங்கு என்னும் ஆங்கிலச் சொல்லே 'கோட்டா' என்று திரிந்தது. டர்பனில் இதே ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பை ஊற்றித் தரும் 'பன்னி சௌ' என்பதை அங்குள்ள இந்திய வம்சாவளியினர் உண்டாக்கினர். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அதில் தொடங்கிக் கரும்புத் தோட்டத்திற்குக் கூலிகளாகச் சென்றவர்களின் சந்ததியார் இவர்கள். அச்சார் என்பது நம் மாங்காய் ஊறுகாயே. லிம்போபோ மாகாணத்துப் பச்சை மாங்காய் அச்சாராகி, டவுன்ஷிப்பின் ஒவ்வொரு கோட்டாவிலும் இடம் பெறுகிறது. மாந்தோப்பு வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

இவையன்றி 'ஷிசா ந்யாமா' என்றொரு முறை உண்டு. 'இறைச்சியைச் சுடு' என்பது அதன் பொருள். இறைச்சிக் கடையை ஒட்டியே தணல் அடுப்பு இருக்கும். வாடிக்கைக்காரர் தமக்கு வேண்டிய துண்டுகளைத் தாமே பார்த்து எடுத்து, நிறுத்து, பணம் செலுத்துவார். பின்னர் அதனைச் சுட்டுத் தருவார்கள். கேப் டவுனின் குகுலெத்து பகுதியில் 2003-இல் தொடங்கிய 'ம்சோலிஸ்' என்னும் இடம் இம்முறையால் வெளிநாட்டார் அறியும் அளவிற்குப் புகழ் பெற்றிருந்தது.

தொழில் முறையில் இதன் சிறப்பைக் காண்க. சமைக்குமுன் பணம் கைக்கு வந்துவிடுகிறது. சமைத்தது மீந்து போவது இல்லை. எடை பார்த்து விற்பதால் அளவில் சச்சரவு இல்லை. ஆர்டரும் முன்பணமும் பெற்ற பின்னரே பாவு பூட்டும் நெசவாளர் எவ்வளவு நிம்மதியாக உறங்குவாரோ, அவ்வளவு நிம்மதி இம்முறையில் உண்டு.

4. வாடிக்கைக்காரர் எப்பொழுது வருவார்?

உணவகம் திறந்திருக்கும் நாளெல்லாம் ஒரே அளவு விற்பனை நடக்கும் என்று எண்ணுவது முதற் பிழை. டவுன்ஷிப்பில் பணத்திற்கு ஒரு பருவம் உண்டு. மாதத் தொடக்கத்தில் முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் உரிய அரசாங்க உதவித் தொகை வருகிறது. மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது. இவ்விரண்டையும் ஒட்டிய நாட்களில் கடை நிறையும். மாத நடுவில் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தும் கல்லாவில் காசு இராது.

நாளிலும் வாரத்திலும் பருவம் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு டாக்சி நிலையத்தில் அமக்வின்யா விற்கும். ஒன்பது மணிக்குமேல் விற்காது. பள்ளி விடும் வேளையில் கோட்டா விற்கும். வெள்ளி, சனி மாலைகளில் தணல் அடுப்பைச் சுற்றிக் கூட்டம் சேரும். இறுதிச் சடங்குகள் பெரும்பாலும் சனிக்கிழமை நடப்பதால், உறவினர்க்குப் பெருஞ்சமையல் செய்து தரும் வேலையும் கிட்டும். ஞாயிறு பகலில் பல வண்ணக் காய்கறிகளுடன் வீட்டில் சமைத்து உண்பதே அவர்கள் வழக்கம். அன்று பகலில் அடுப்பைப் பெரிதாக மூட்டுவது வீண்.

சுற்றுலாப் பயணிகளை நம்பியும் சில உணவகங்கள் நடக்கின்றன. மண்டேலாவும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் வீடு வைத்திருந்த விலகாசி தெருவில், அயல்நாட்டார் வந்து உண்ணும் உணவகங்கள் பல உள்ளன. அவர்கள் தரும் பணம் மிகுதி. ஆனால் 2020-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி கொள்ளைநோய்க்காக நாடு முழுவதும் முடக்கப்பட்டபொழுது பயணிகள் வரவு அற்றுப்போயிற்று. எல்லைகள் திறக்கும் வரை பயணிகளை மட்டுமே நம்பியவர்க்கு வழியில்லை. பின்னர்ப் பொட்டலம் கட்டி விற்க அனுமதி வந்தபொழுது, அடுத்த தெருவார் எவருடைய சமையலை அறிந்திருந்தனரோ அவரே அடுப்பு மூட்ட முடிந்தது. அயலூர் வியாபாரி ஒருவரை மட்டும் நம்பி நெய்பவர் நிலையும் இத்தகையதே.

5. ஒரு தட்டின் கணக்கு

இனிக் கணக்கிற்கு வருவோம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறையே முக்கியம். ரேண்டு என்பது அந்நாட்டு நாணயம்.

களியும் குழம்பும் சக்கலக்காவும் கொண்ட ஒரு தட்டின் விலை 60 ரேண்டு என்க. அதில் இறைச்சி 17, மாவு 3, காய்கறியும் எண்ணெயும் 3, தட்டும் பொட்டலமும் 1. ஆகப் பொருட்செலவு 24 ரேண்டு. எஞ்சுவது 36. இதனை இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. மாதச் செலவுகளைச் சுமப்பதற்கு ஒவ்வொரு தட்டும் தரும் தோள்பங்கு இது.

மாதச் செலவுகள்: வாடகை 4,000, இரு பணியாளர் கூலி 10,000, மின்சாரமும் எரிவாயுவும் 3,000, போக்குவரத்து, துப்புரவு, பழுதுபார்ப்பு 3,000, ஆக 20,000 ரேண்டு. இதனை 36-ஆல் வகுத்தால் 556 தட்டுகள். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால், நாளொன்றுக்கு 22 தட்டுகள் விற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நட்டம்.

இங்கே பெரும்பாலோர் ஒரு செலவை மறந்துவிடுகின்றனர். அது நடத்துபவரின் சொந்தக் கூலி. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் பெண்மணி தனக்கு மாதம் 6,000 ரேண்டு வைத்துக்கொள்ள வேண்டாமா? அதனைச் சேர்த்தால் செலவு 26,000, தட்டுகள் 723, நாளொன்றுக்கு 28. சொந்தக் கூலியைக் கணக்கில் எழுதாதவர், வேண்டும்பொழுதெல்லாம் கல்லாவில் கையை விட்டு எடுப்பார். எடுத்தது எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது. வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பெட்டியில் கலந்த தொழில் எங்கும் நெடுநாள் நிலைத்ததில்லை.

அடுத்து அளவைக் கவனிப்போம். பரிமாறுபவர் அன்பு மிகுதியால் ஒவ்வொரு தட்டிலும் நான்கு ரேண்டு பெறுமான இறைச்சியைக் கூடுதலாக வைக்கிறார் என்க. எஞ்சும் தொகை 36-லிருந்து 32 ஆகிறது. இப்பொழுது 813 தட்டுகள் விற்றால்தான் கணக்கு நேராகும். அதாவது நாளொன்றுக்கு 32 தட்டுகள். ஒரு கரண்டியின் தாராளம் நாளொன்றுக்கு நான்கு வாடிக்கைக்காரர்களைப் புதிதாகத் தேடச் சொல்கிறது! தக்க உணவகங்களில் கரண்டியை அளவு பார்த்து வாங்குவதும், இறைச்சியை நிறுத்து வெட்டுவதும் கஞ்சத்தனம் அன்று. இன்றைக்கு வந்தவர்க்கும் நாளைக்கு வருபவர்க்கும் ஒரே அளவு கிடைக்க வேண்டும் என்னும் நியாயமும் அதில் அடங்கியுள்ளது.

6. கடன் புத்தகம்

டவுன்ஷிப்பில் அக்கம்பக்கத்தார்க்குக் கடன் தராமல் கடை நடத்துவது கடினம். வேலையற்றோர் நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். டவுன்ஷிப்புகளில் இச்சுமை இன்னும் மிகுதி. கேட்பவர் உறவினராகவோ, ஒரே தேவாலயத்தவராகவோ இருப்பார். நாளை நம் வீட்டில் துக்கம் நேர்ந்தால் முதலில் வந்து நிற்பவரும் அவரே. எனவே 'கடன் இல்லை' என்று பலகை எழுதி மாட்டுவதால் மட்டும் இது தீராது.

ஆயினும் கணக்கு இரக்கம் அறியாது. மேற்சொன்ன விலையில் மூன்று தட்டுகளின் கடன் வராமல் போனால், பொருட்செலவில் 72 ரேண்டு போயிற்று. அதனை மட்டும் ஈடு செய்யவே இரண்டு தட்டுகள் கூடுதலாக விற்க வேண்டும். ஆகவே கடன் தருவோர் மூன்று விதிகளைக் கைக்கொள்வது நலம். முதலாவது, கடனுக்கு மொத்த வரம்பு ஒன்று வேண்டும். அது ஒரு வாரக் கொள்முதல் தொகையில் சிறு பங்கிற்குமேல் போகலாகாது. இரண்டாவது, பெயரும் தேதியும் தொகையும் அப்பொழுதே எழுதப்பட வேண்டும். மூன்றாவது, சம்பள நாளில் பழைய பாக்கி தீர்ந்த பின்னரே புதுப் பக்கம் திறக்க வேண்டும்.

மெய்யாகவே இயலாதவர்க்கு உணவிட விரும்பினால், அதனைக் கடன் என்று எழுதாமல் தருமம் என்றே எழுதி, மாதத்திற்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிடலாம். வராத கடனை வரவேண்டிய தொகையாகக் காட்டும் ஏடு, பார்ப்பவரை ஏமாற்றுமுன் எழுதியவரையே ஏமாற்றுகிறது. தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் நாம் நாட்பட்ட பாக்கிப் பட்டியலை முதலில் கேட்பதும் இதனாலேயே.

7. பசியாற வந்தவரின் உயிர்

இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியவை. உணவகம் நடத்துபவர் கையில் பணத்தினும் பெரிய பொறுப்பு ஒன்று உள்ளது.

2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் லிஸ்டீரியா என்னும் கிருமியால் நோய் பரவி, ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். தொழிற்சாலையில் செய்த பொலோனியே காரணம் என்று 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் அறிவித்தது. கோட்டாவில் அடைக்கப்படும் அதே பொலோனிதான். இக்கிருமி குளிர்பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. நன்கு சூடாக்கினால் அழியும். தவறு செய்யாத சிறு கடைக்காரரும் அவ்வறிவிப்பால் வாடிக்கையை இழந்தனர். எங்கிருந்து வாங்கினோம், எந்நாளில் வாங்கினோம் என்னும் சீட்டுகளைப் பாதுகாத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இது காட்டுகிறது.

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நேர்ந்தது இதனினும் கொடிது. சோவெட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் மாண்டனர். டெர்புஃபாஸ் என்னும் பயிர்ப் பூச்சிமருந்தின் நஞ்சே காரணம் என்று சோதனையில் தெரிந்தது. குப்பை அள்ளப்படாமல் எலிகள் பெருகிய தெருக்களில், வயலுக்குரிய அம்மருந்து எலி மருந்தாகச் சில்லறையில் விற்கப்பட்டு வந்தது. தின்பண்டம் இருக்கும் கூரையின் கீழ் அது எப்படியோ புகுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர், சிறு கடைகளும் உணவு கையாளும் இடங்களும் யாவும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார்.

பயிர்த்தொழில் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. பூச்சிமருந்தை வேறு புட்டியில் ஊற்றி வைத்தல், மருந்து இருந்த டப்பாவைத் தானியத்திற்குப் பயன்படுத்தல், எஞ்சியதைப் பிறர்க்குத் தருதல் ஆகியவை நம் ஊர்களிலும் உள்ள பழக்கங்களே. அந்த ஆறு குழந்தைகளை நினைந்து, இன்றே அவற்றைக் கைவிடுவோமாக.

அந்நாட்டின் 2018-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவு சமைத்து விற்கும் இடத்திற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நகராட்சியின் சுகாதார அலுவலர் நேரில் பார்த்து அதனை அளிப்பார். சான்றிதழ் மற்றொருவர்க்கோ மற்றோர் இடத்திற்கோ மாற்றத்தக்கதன்று. சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் சூடாகவே இருத்தல் வேண்டும். பலர் இவ்விதிகளை அலுவலரின் தொல்லையாகக் கருதுகின்றனர். மீந்த குழம்பைப் பெரிய பானையிலேயே விட்டு இரவு முழுதும் மெல்ல ஆற விடுவதுதான் மெய்யான தொல்லை. அகன்ற தட்டங்களில் பரப்பி விரைவில் ஆற்றி, குளிரில் வைத்து, மறுநாள் கொதிக்கக் காய்ச்ச வேண்டும். கை கழுவ நீரும் சோப்பும் அடுப்பருகே இருக்க வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய்கறி வெட்டலாகாது. இவற்றிற்கு ஆகும் செலவு அற்பம்.

குளிர்பெட்டியை முற்றும் நம்பவும் வழியில்லாதிருந்தது. 2008 முதல் அந்நாட்டில் மின்வெட்டு அடிக்கடி நேர்ந்தது. 2023-இல் பெரும்பாலான நாட்களில் முறை வைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2024-ஆம் ஆண்டு மார்ச் இறுதிக்குப் பின்னரே நிலைமை பெரிதும் சீர்பட்டது. அந்நாட்களில் தப்பிப் பிழைத்தவை எரிவாயுவிலும் விறகிலும் சமைத்து, அன்றைக்கு வேண்டியதை அன்றே வாங்கிய உணவகங்கள்.

8. முதல் எங்கிருந்து வரும்?

ஏட்டில் வருமானம் காட்ட இயலாத பெண்மணிக்கு வங்கி எளிதில் கடன் தராது. வட்டிக்காரரிடம் சென்றால் அடுப்பே அடகாகிவிடும். ஆகவே டவுன்ஷிப் மக்கள் 'ஸ்டோக்வெல்' என்னும் தம் பழைய முறையை நாடுகின்றனர். இது நம் ஊர்ச் சீட்டைப் போன்றது. பன்னிரண்டு பெண்கள் மாதம் 500 ரேண்டு வீதம் போட்டால், மாதம் ஒருவர்க்கு 6,000 ரேண்டு கிட்டும். ஒருவர் அதில் எரிவாயு அடுப்பு வாங்குவார். மற்றொருவர் மாவு மூட்டைகளை மொத்த விலையில் வாங்குவார். இறுதிச் சடங்கிற்கென்றும், ஆண்டிறுதி மளிகைக்கென்றும் தனித்தனி ஸ்டோக்வெல்கள் உண்டு. பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்த நம்பிக்கையினாலேயே இவை நடக்கின்றன.

ஸ்டோக்வெல்லுக்கு ஒரு குறையும் உண்டு. சுற்று முடிந்ததும் பணம் முழுதும் பிரிந்து போய்விடும்; பொதுவில் ஒன்றும் மிஞ்சாது. இக்குறையை நீக்குவது கூட்டுறவுச் சங்கம். 2005-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் கூட்டுறவுச் சட்டப்படி, ஐவர் கூடினால் தொடக்கச் சங்கம் அமைக்கலாம். தொடக்கச் சங்கத்தில் ஒருவர்க்கு ஒரு வாக்கு. உபரியில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கைப் பிரிக்கப்படாத காப்பு நிதியாக ஒதுக்க வேண்டும். முன்னாளில் இருவர் சேர்ந்து தொழில் செய்யவே தடை இருந்த மண்ணில் இது பெரிய மாறுதல்.

ஆயினும் சட்டம் மட்டும் சங்கத்தை நடத்திவிடாது. 2009-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் எடுத்த கணக்கில், பதிவான சங்கங்களுள் ஏறத்தாழ எட்டில் ஒன்றே இயங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க மானியம் வருகிறது என்று கேட்டு அவசரமாகக் கூடியவை, மானியம் தீர்ந்ததும் கலைந்தன. அவற்றின் அங்கத்தினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர் அல்லர். எவர் சமைப்பது, எவர் கணக்கெழுதுவது, எவர் சாவி வைத்திருப்பது என்பதை முன்னரே பேசி முடித்தவரும் அல்லர். ஸ்டோக்வெல்லில் வளர்ந்த நம்பிக்கையும், சங்கத்தின் ஏடும் காப்பு நிதியும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஐந்து பெண்கள் முதலில் இரண்டு சுற்று ஸ்டோக்வெல் நடத்திப் பார்த்து, தவணை தவறாதவர் எவரென்று அறிந்து, அதன் பின் மாவையும் எண்ணெயையும் கூட்டாக வாங்கி, பின்னரே ஒரே அடுப்பிற்கு வரலாம். நம் நாட்டில் சங்கம் தொடங்க விரும்புவோர்க்கும் நாம் கூறும் ஒழுங்கு இதுவே.

9. அன்றாட ஏடு

உணவகத்திற்குப் பெரிய கணக்கேடுகள் வேண்டுவதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில், நாளுக்கு ஐந்து வரிகள் எழுதினால் போதும்: காலையில் கல்லாவில் இருந்த தொகை; அன்று விற்ற தட்டுகளின் எண்ணிக்கை; கொள்முதல்; கடன் தந்ததும் வசூலானதும்; இரவில் எண்ணிப் பார்த்த தொகை. ஆறாவது வரியாக, எறிந்த உணவு எவ்வளவு என்பதையும் எழுதுவோர் ஒரு மாதத்தில் தம் சமையலின் அளவைத் தாமே திருத்திக்கொள்வர். விற்ற தட்டுகளும் கல்லாத் தொகையும் ஒத்து வராத நாளில், அன்றிரவே காரணம் தேட வேண்டும். வாரம் கழித்துத் தேடினால் எவர்மீதோ ஐயமே மிஞ்சும், காரணம் கிட்டாது.

உறுப்பினர் வட்டத்தில் ஆராய்வதற்கான வினாக்கள்

1. இறைச்சி விலை ஏறி, தட்டொன்றிற்குப் பொருட்செலவு 29 ரேண்டு ஆயிற்று. விலையை உயர்த்த இயலவில்லை. சொந்தக் கூலியுடன் கணக்கு நேராக, நாளொன்றுக்கு எத்தனை தட்டுகள் விற்க வேண்டும்?

2. உங்கள் தறியில் அல்லது வயலில் 'ஒரு கரண்டி தாராளம்' என்பதற்கு ஒப்பான வீண்செலவு எது? அதன் மாத மதிப்பு எவ்வளவு?

3. உங்கள் வீட்டில் தொழிற்பணமும் குடும்பப் பணமும் தனித்தனியே வைக்கப்படுகின்றனவா? உங்கள் கூலியையும் வீட்டுப் பெண்களின் கூலியையும் அடக்கச் செலவில் சேர்க்கிறீர்களா?

4. சீட்டு நடத்துவதில் உள்ள எந்தப் பழக்கம் சங்கத்திற்கு உதவும்? எது உதவாது?

5. உங்கள் வீட்டில் பூச்சிமருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

கடைசி வினாவிற்கு விடையை வட்டத்தில் சொல்வதற்கு முன், வீட்டிற்குச் சென்று ஒருமுறை பார்த்து வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் நான்கிற்கும் உரிய விடைகளை எழுதி, அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொணர்க.